ஏலப் பெட்டியின் முகவரி

"டீச்சர், நான் எங்க இருக்கேன்னு எனக்கே எப்படித் தெரியும்?"

கஸ்பார் மாடிப்படியின் மேல்படியில் நின்றுகொண்டே கேட்டான். கேட்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவன் வாயிலிருந்து வந்தது வெறும் காற்று.

ஹமீதா டீச்சர் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் கம்பெனி மாடியில இருக்கீங்கண்ணே. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

"நான்னா நான் இல்லை. என் பெட்டி."

"பெட்டி எங்க?"

"ஏலக்கூடத்துல."

"தெரிஞ்சுதானே இருக்கு? பிறகென்ன?"

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கத்துகிற ஆள். இப்போது கத்த முடியாது. ஆணி ஏறிய சைக்கிள் டியூப் மாதிரி சீறினான்.

வாலிபம் முழுக்க மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூவியவன் அவன். கவிழ்த்த கூடை மேல் ஏறி நின்று குரல் கொடுத்தால் லாரி ஷெட் வரைக்கும் கேட்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏலக்காரன் யாரையும் தேடிப் போக மாட்டான். அவன் நின்ற இடம்தான் ஏலம். வேண்டியவன் வந்து சேர வேண்டும்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை.

வேறு ஆளென்றால் வீட்டில் உட்கார்ந்திருப்பான். கஸ்பார் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வாங்கினான். அதில் விலையைத் தட்டினால் ஏலக்கூடத்திலும் லாரி ஷெட்டிலும் சங்க ஆபீஸிலும் தொங்குகிற மின்பலகைகளில் எண் எரிய வேண்டும். அதுதான் அவனுடைய புதுக் குரல். புரோகிராம் எழுதத் தெரியாது. ஐஸ் கம்பெனி மாடியில் ஹமீதா டீச்சர் வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தான். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அவன் மகன் வயது. டீச்சருக்கு அவன் மகள் வயது.

மீனவர் சங்கச் செயலாளர் ரெய்மண்ட் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"வே கஸ்பார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட் வரும்போது மூணு இடத்துலயும் பலகை எரியணும். எரிஞ்சா ஏலம் உம்மது. எரியலைன்னா லூர்து ஏறிக் கூவுவான். பிறகு என்கிட்ட வந்து முறைக்கப்பிடாது."

லூர்துவுக்கு நல்ல குரல். கழுதைக்கும் அப்படித்தான் என்பது கஸ்பாரின் கருத்து.

"உக்காருங்கண்ணே," என்றாள் டீச்சர். "முதல்ல இருந்து சொல்லுங்க."

"பலகை கண்ணு முழிச்சதும் தன் எண்ணைச் சொல்லி 'ஏலம் எங்க?'ன்னு நெட்வொர்க்குல கத்தும். பெட்டி 'இன்ன முகவரியில இருக்கேன்'னு பதில் அனுப்பணும். பலகை அந்த முகவரிக்கு வந்து விலையைக் கேட்டுக்கிடும். இவ்வளவுதான் ஏற்பாடு."

"முகவரின்னா ஒரு எண்ணுதானே? எழுதி வச்சிட வேண்டியதுதானே?"

"எப்படி வைக்க? நம்ம துறைமுகத்துல கரண்டு போய்ப் போய் வருது. வரும்போதெல்லாம் எண்ணு மாறுது. அதான் பெட்டிகிட்டயே கேட்டேன். அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கேன்லா? அந்தப் பேரைச் சொல்லி, இந்தப் பேருக்காரன் முகவரி என்னன்னு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"127.0.0.1."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. அதையே எல்லாப் பலகைக்கும் அனுப்பினேன். ஒண்ணுகூட வரலை. எல்லாம் இருட்டாத் தொங்குது. லூர்துப் பய கீழ வந்து நின்னு, 'அருமையான பலகை மச்சான், வெயிலுக்கு நல்ல மறைப்பு'ங்கான்."

"உங்க போனை எடுங்கண்ணே."

எடுத்தான்.

"உங்க நம்பருக்கே அடிங்க."

"எனக்கு நானேயா?"

"அடிங்க."

அடித்தான். காதில் வைத்தான்.

"பிஸிங்குது."

"யாரு பேசிட்டிருக்கா?"

"யாரு பேசுவா? நான்தான் அடிக்கேன். நான்தான் பிஸி."

"ம்."

"இதுக்கும் பலகைக்கும் என்ன..."

நிறுத்தினான். 127.0.0.1 என்கிற அந்த எண்ணுக்கு 'என்னிடமே' என்று பொருள். எந்தக் கம்ப்யூட்டரிடம் சொன்னாலும் அது தன்னைத்தான் நினைத்துக்கொள்ளும்.

"அப்ப அந்தப் பலகை பூரா தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டா கெடந்துது?"

"காலையில இருந்து."

கஸ்பார் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"சரி. பாடம் நல்லாருக்கு. இப்ப பதிலைச் சொல்லுங்க."

"போயிட்டு வாங்கண்ணே," என்றாள் டீச்சர்.

*

மறுநாள் ஒரு சீலா மீனோடு வந்தான். முழு மீன். செவுள் சிவப்பு மாறாதது. கீபோர்டுக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டு அதன் மேல் வைத்தான்.

வகுப்பில் இருந்த பிள்ளைகள் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.

"இது எதுக்குண்ணே?"

"பதிலுக்கு."

"மீனை எடுத்துக்கிடுதேன். பதில் தர மாட்டேன்."

"இது என்ன வியாபாரம்?"

"எனக்கு நல்ல வியாபாரம்."

கஸ்பார் சீறினான். ஆனால் மீனைத் திரும்ப எடுக்கவில்லை. கொடுத்த சரக்கைத் திரும்ப எடுக்கிற ஜாதி இல்லை அவன்.

"சரி, கேளுங்க. நீங்க சொல்லித் தந்த மாதிரி புரோகிராம்ல ஒரு சாக்கெட்டைத் திறந்தேன்."

சாக்கெட் என்பது, புரோகிராம் வெளியே பேசுவதற்காகத் திறந்துகொள்கிற வாய். வாய்க்கு ஒரு முகவரி உண்டு.

"திறந்ததும் அதுகிட்டயே கேட்டேன். ஏலே, உன் முகவரி என்னன்னு."

"என்ன சொல்லுச்சு?"

"0.0.0.0. பூஜ்யம்! ஒண்ணில்ல, நாலு பூஜ்யம். ஒரு மனுசனைப் பாத்துச் சொல்லுத சொல்லா இது?"

"யாரைப் பாத்து நின்னுச்சு?"

"எது?"

"சாக்கெட்டு."

"யாரையும் பாக்கலை. திறந்தேன், கேட்டேன்."

"அப்ப சரியாத்தானே சொல்லியிருக்கு," என்றாள் டீச்சர். மீனை இலையோடு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். பேரம் பேசுகிற உட்காரல். முழங்கை ரெண்டும் மேஜை மேல்.

"முழுப் பதில் வேண்டாம். பாதி குடுங்க."

டீச்சர் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"கால்வாசி."

"கால்வாசி குடுத்தாச்சு."

"எப்ப?"

"இப்பதான்."

கஸ்பார் யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து படி இறங்கினான். பாதி இறங்கிவிட்டு மறுபடி ஏறி வந்தான்.

"தலையை வெட்டி எறிஞ்சிராதீங்க டீச்சர். தலையோட ஆணம் வச்சாத்தான் சீலா."

போய்விட்டான்.

*

வியாழக்கிழமை அவன் மாடி ஏறியபோது பிள்ளைகள் தானாகவே எழுந்து வெளியே போனார்கள். முகம் அப்படி இருந்தது.

"ஒண்ணு எரியுது," என்றான்.

"நல்லதுதானே அண்ணே."

"ரெண்டு எரியலை."

"எப்படி எரிய வச்சீங்க?"

"பெட்டிக்கு மூணு வழி இருக்கு. ஏலக்கூடத்துக்கு ஒரு கேபிள். சங்க ஆபீஸுக்கு வேற கேபிள். லாரி ஷெட்டுக்கு வைஃபை. உன்கிட்ட என்னென்ன முகவரி இருக்குன்னு கேட்டேன். மூணு எண்ணு குடுத்துது. வழிக்கு ஒண்ணு. முதல்ல வந்ததை எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். ஏலக்கூடத்துப் பலகை ஜம்முன்னு எரியுது. மத்த ரெண்டும் பொணம்."

"மூணுல எது உண்மையான முகவரி?"

"அதைத்தான நான் உங்ககிட்ட கேக்குதேன்!"

இந்தத் தடவை காற்றோடு கொஞ்சம் சத்தமும் வந்துவிட்டது. வலித்திருக்க வேண்டும். கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

குடித்தான். கீழே ஐஸ் அரைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், எனக்கு வேற தொழில் தெரியாது. நாளைக்கு அந்தக் கூடை மேல லூர்து ஏறிட்டான்னா, துறைமுகத்துல எனக்கு என்ன சோலி? கேட்டுக்குள்ள எதுக்கு வந்தேன்னு வாட்ச்மேன் கேப்பான். கேட்டா என்ன சொல்லுவேன்? அதனால இனி பாதி, கால்வாசி எல்லாம் கிடையாது. முழுசும் வேணும். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"கேட்டுட்டு மாற மாட்டீங்களே?"

"பேச்சு மாறினவன்னு இந்தத் துறைமுகத்துல ஒருத்தன் சொல்லட்டும்."

"கீழே போய் முக்குல நில்லுங்க."

"நின்னு?"

"வழி கேக்கிறவங்களுக்கு வழி சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"ஏலக்காரன் நான். கைகாட்டி மரமா?"

"பேச்சு மாறுதீங்களா?"

கஸ்பார் செருப்பை மாட்டிக்கொண்டான். இடது வலது மாறிப் போட்டதுகூடத் தெரியவில்லை.

*

ஐஸ் கம்பெனி முக்கு எப்போதும் கசகசவென்று இருக்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் லாரி நிற்கிற பொட்டல், ஒரு பக்கம் டவுன் ரோடு. கஸ்பார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தெரிந்தவன் எவனும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

முதலில் வந்தவன் லூர்து.

"என்ன மச்சான், இங்கன நிக்க? யாரையும் தேடுதியா?"

கஸ்பார் முறைத்தான். லூர்து போய்விட்டான்.

பிறகு ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினான். ஊருக்குப் புதுசு.

"அண்ணாச்சி, ஐஸ் கம்பெனி வாசல் எது?"

கஸ்பார் பின்பக்கத்தைக் கை காட்டினான். அங்கேதான் சரிவு மேடை இருக்கிறது. லாரி பின்னாலேயே போய் ஒட்டி நின்று ஐஸ் ஏற்றலாம்.

டிரைவர் ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்தான். அதற்குள் கைலியை மடித்துக் கட்டிய ஒருவன் ஓடி வந்தான். புதுப் போட்டில் வேலைக்குச் சேர்ந்தவன் போல.

"ஐஸ் கம்பெனி வாசல் எங்கண்ணே? போட் நிக்குது, ஓனர் கத்துதாரு."

கஸ்பார் கடல் பக்கத்தைக் கை காட்டினான். அங்கே சுவரில் ஓட்டை வைத்து ஒரு தகரச் சறுக்கு இறக்கியிருக்கிறார்கள். அரைத்த ஐஸ் நேரே போட்டுக்குள் விழும்.

அவன் ஓடினான்.

லாரி டிரைவர் பிரேக் போட்டான். தலை மறுபடி வெளியே வந்தது.

"அண்ணாச்சி, எனக்குப் பின்னாலன்னு காட்டினீங்க. அவனுக்குக் கடல் பக்கம் காட்டுதீங்க. வெளாடுதீங்களா?"

கஸ்பார் பதில் சொல்வதற்குள், கையில் பைலோடு ஒரு அம்மா வந்து நின்றாள். மகளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்க வேண்டுமாம். ஐஸ் கம்பெனி வாசல் எது என்று கேட்டாள்.

கஸ்பார் ரோட்டுப் பக்கத்துப் படியைக் காட்டினான்.

டிரைவர் லாரியை விட்டு இறங்கியே விட்டான்.

"நான் கேக்கது ஒரே கேள்வி. இந்த ஐஸ் கம்பெனிக்கு எதுய்யா வாசல்?"

கஸ்பாருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். இருக்கிற காற்றையெல்லாம் திரட்டிச் சொன்னான்.

"யாருக்கு?"

சொன்னவன் அப்படியே நின்றான். நீட்டிய விரல் இறங்கவில்லை.

டிரைவர் பயந்து ஒரு அடி பின்னால் போனான்.

கஸ்பார் அவனைக் கட்டிப்பிடித்தான். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்தைப் பார்த்து ஓடினான்.

*

டீச்சர் பின்னாலேயே ஏலக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தரையெல்லாம் மீன் தண்ணீர். டீச்சர் பர்தாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலி டிரம் மேல் உட்கார்ந்தாள்.

"திருப்பணும்," என்றான் கஸ்பார்.

"ம்."

"சாக்கெட்டைப் பலகைப் பக்கம் திருப்பணும். திருப்பிட்டு, அப்புறம் கேக்கணும். ஷெட்டுப் பலகைன்னா அந்தப் பக்கம். ஆபீஸ்னா அந்தப் பக்கம். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சாக்கெட்டு. சரியா?"

"ம்."

"ம்மு, ம்முன்னா எப்படி? ஒரு சந்தேகம் இருக்கு."

"சொல்லுங்க."

"திருப்பணும்னா பலகையைக் கூப்பிடணும். கூப்பிட்டா ஒரு வார்த்தையாவது போகணும். பலகை இன்னும் சரியா முழிக்காம கெடந்தா? பதில் சொல்லலைன்னா? அப்ப முகவரி எப்படி வரும்?"

"நீங்க எடுத்திருக்கது தபால் மாதிரிச் சாக்கெட்டுதானே? எதிராளி போனை எடுக்கணும்னு காத்துக் கெடக்காத சாக்கெட்டு."

"ஆமா."

"திருப்பிப் பாருங்க."

டீச்சர் மடிக்கணினியைத் திறந்தாள். கேபிளில் போகிறதை எல்லாம் ஒட்டுக்கேட்கிற ஒரு புரோகிராமை ஓட விட்டாள். ஒரு எழுத்து போனாலும் திரையில் ஒரு வரி விழும்.

"இப்ப திருப்புங்க. எதையும் அனுப்பாதீங்க."

ஆபீஸ் பலகையின் எண்ணைக் கொடுத்து கஸ்பார் 'கனெக்ட்' என்று தட்டினான்.

டீச்சரின் திரையில் ஒன்றும் விழவில்லை.

"ஒண்ணும் போகலை," என்றான்.

"ஆமா."

"இப்ப கேக்கவா?"

"கேளுங்க."

சாக்கெட்டிடம் அதன் முகவரியைக் கேட்டான். பூஜ்யம் இல்லை. ஆபீஸ் கேபிளின் எண் முழுசாக வந்து நின்றது.

கஸ்பார் டீச்சரின் திரையைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. தன் திரையைப் பார்த்தான். எண் இருந்தது. மறுபடி டீச்சரின் திரையைப் பார்த்தான்.

"பேசவே இல்லை."

"ஆமா."

"ஆனா முகவரி வந்துட்டு."

"ஆமா."

"வெறுமனே திரும்பினதுக்கா?"

டீச்சர் டிரம்மை விட்டு இறங்கினாள்.

"அந்தப் பக்கம் போகணும்னா எந்த வழின்னு பெட்டிக்கே தெரியும்ணே. போகணும்னுகூட இல்லை. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா அதுக்குப் போதும்."

கஸ்பார் அடுத்ததாக ஷெட் பலகை பக்கம் திருப்பினான். வைஃபை எண் வந்தது. ஏலக்கூடத்துப் பலகை பக்கம் திருப்பினான். வேறு எண் வந்தது. பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது.

"தன் பக்கமே திரும்பினா?"

"திருப்பிப் பாருங்களேன்."

பார்த்தான். 127.0.0.1 வந்தது.

கஸ்பார் சிரித்தான். சத்தமே இல்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. டீச்சர் முதல் தடவையாக அவன் சிரிப்பைப் பார்த்தாள்.

"வயசாளியை வெயில்ல நிக்க வச்சிட்டீங்களே டீச்சர். மாடியிலயே ஒரு வாய் சொல்லியிருந்தா என்ன?"

"மாடியில சொன்னா நீங்க விலை பேசுவீங்க."

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்கள் வரிசையாக வந்தன. நல்ல வரத்து. கூடை கூடையாக இறங்கியது. சூரை, பாறை, விளை மீன், நடுவில் ஒரு குவியல் சீலா. வியாபாரிகள் ஏலக்கூடத்தை நிறைத்துவிட்டார்கள். லாரி ஷெட் வாசலில் வெளியூர்க்காரர்கள் கூட்டம்.

கஸ்பார் கவிழ்த்த கூடை மேல் நின்றான். இடுப்புயரத்துக்கு ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் பெட்டி. கீழே ரெய்மண்ட். அவருக்குப் பக்கத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு லூர்து.

கஸ்பார் எண்ணைத் தட்டினான்.

ஏலக்கூடத்துப் பலகை எரிந்தது. ஷெட் பலகை எரிந்தது. ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கிளார்க் எட்டிப் பார்த்து, "இங்கயும் எரியுது!" என்று கத்தினாள்.

ரெய்மண்ட் மூக்கைச் சொறிந்தார்.

ஏலம் ஓடியது. வியாபாரிகள் விரலைக் காட்டினார்கள், தலையை ஆட்டினார்கள். கஸ்பார் தட்டினான். எண் ஏறியது. சூரை போனது. பாறை போனது. விளை மீன் பாதி போயிருக்கும்.

கரண்ட் போனது.

எல்லாம் ஒரேயடியாக அணைந்தது. பலகை, பெட்டி, விளக்கு, மிஷின்.

கூட்டத்தில் எல்லா வாயும் திறந்துகொண்டது.

"என்ன விலையில நின்னுது?"

"எனக்குத்தான் முடிஞ்சுது!"

"யாரு சொன்னா? நான் ஆட்டினேன் தலையை!"

"மீன் வாடுது வே!"

ரெய்மண்ட் கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் வாயைத் திறந்தான். காற்று வந்தது. அந்தக் கூச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை.

"லூர்து, ஏறுல," என்றார் ரெய்மண்ட்.

லூர்து இன்னொரு கூடையைக் கவிழ்த்துப் போட்டான். ஏறினான். கஸ்பார் இறங்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"மன்னிச்சுக்க மச்சான்," என்றான் லூர்து. நிஜமாகத்தான் சொன்னான். மூச்சை இழுத்தான்.

கரண்ட் வந்தது.

பெட்டி மினுக்கியது. பழைய எண்களெல்லாம் போய்விட்டிருந்தன. மூன்று வழிக்கும் புது எண். பலகைகள் கண் விழித்து, ஏலம் எங்கே என்று கேட்டன. பெட்டி ஒவ்வொன்றின் பக்கமாகத் திரும்பியது. திரும்பித் திரும்பித் தன்னைக் கேட்டுக்கொண்டது. அவரவருக்கு உரியதை அவரவருக்குச் சொன்னது.

ஏலக்கூடத்தில் எரிந்தது.

ஷெட்டில் எரிந்தது.

எல்லோரும் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னல் சும்மா இருந்தது. கஸ்பார் கூடை மேலேயே எக்கிப் பார்த்தான்.

கிளார்க் தலை வெளியே வந்தது. "எதுக்கு எல்லாரும் என்னையப் பாக்கீங்க? எரியத்தான செய்யுது!"

தட்டின விலையைப் பெட்டி அவ்வப்போது குறித்துவைத்திருந்தது; விட்ட விலையிலேயே எண் நின்றது. யாரும் சண்டை போட முடியவில்லை.

லூர்து இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"ஏறினதுக்கு ஒரு வாட்டி கூவிட்டு இறங்கட்டுமா?"

"இறங்குல," என்றார் ரெய்மண்ட். பிறகு கஸ்பாரிடம், "நாளைக்கும் நேரத்துக்கு வந்துரும் வே," என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

டீச்சர் அசைய இடமில்லாத கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றாள். மீன் வாங்க வந்தவள். கஸ்பார் தலையை மட்டும் அசைத்தான். அவளும் அசைத்தாள்.

கடைசியாகச் சீலாக் குவியல் வந்தது.

அன்றைக்கு வந்ததிலேயே நல்ல மீன். ஆனால் விலை பாதியில் நின்றுவிட்டது. வாங்குகிற சக்தி உள்ளவன் ஒரே ஒருத்தன்தான். குளச்சல் வியாபாரி தாசையன். ஷெட் வாசலில் சாய்ந்து நின்றான். பலகையைப் பார்த்தான். வெற்றிலையை மென்றான். இதற்கு மேல் ஏற்ற மாட்டேன் என்கிற மெல்லல்.

போட்காரன் கஸ்பார் காலடியில் வந்து நின்றான்.

"கஸ்பார் அண்ணே, இப்படியே விட்டுராதீங்க. டீசலுக்குக்கூடக் காணாது. ஏதாவது சொல்லுங்க. முன்ன மாதிரி நாலு சத்தம் போடுங்கண்ணே!"

முன்பென்றால் போட்டிருப்பான். தாசையனின் ஊரை, உறவை, அவன் லாரியின் டயரை எல்லாம் இழுத்திருப்பான். அதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. கைகூட உயர்ந்தது.

உயர்ந்த கை ஸ்டூல் மேல் இறங்கியது.

கஸ்பார் கூடை மேலேயே மெதுவாக ஷெட் பக்கம் திரும்பினான். உடம்பு முழுசும் திரும்பியது. தாசையனைப் பார்த்தான். நின்றான்.

தாசையன் பலகையைப் பார்த்தான். கஸ்பாரைப் பார்த்தான். பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

வெற்றிலையைத் துப்பினான்.

ஒரு விரலை உயர்த்தினான். கொஞ்சம் யோசித்து இன்னொரு விரலையும் உயர்த்தினான்.

கஸ்பார் தட்டினான். போட்காரன் சிலுவை போட்டுக்கொண்டான்.

தாசையன் தன் கணக்குப்பிள்ளையிடம் கேட்டான்.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலியே மொதலாளி."

"பின்ன நான் எதுக்குடே ஏத்தினேன்?"